புதுச்சேரிச் சுறாவும் பங்குனி ஆமையும்

புதுச்சேரி வைத்திக்குப்பத்தைச் சேர்ந்த விலங்கியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு சுறா இருக்கிறது என்று படித்தேன். எங்கள் கரையில் விசாரித்தால் யாருக்கும் அதைத் தெரியவில்லை. பங்குனி ஆமையைத் தெரியாதவர் யாரும் இல்லை. இந்த இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா? இவற்றில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது?"

கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு அருகில் விலங்கியல் கற்பித்தவன் என்பதாலும், ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி, பங்குனி இரவுகளில் தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா வரை ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க நடப்பவர்களோடு சேர்ந்து நடப்பவன் என்பதாலும், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகத்துக்கு இடமின்றிச் சுறாவுக்குத்தான் ஆபத்து அதிகம். புதுச்சேரிச் சுறா உறுதியாகப் பதிவு செய்யப்பட்ட கடைசி ஆண்டு 1979. உலகின் அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இதன் மாதிரிகள் ஏறத்தாழ இருபதுதான் உள்ளன. பங்குனி ஆமையோ, எண்ணிக்கையில் குறைந்துவிட்டது என்ற கவலைக்கு நடுவிலும், ஒடிசாவின் கஹீர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இன்றும் லட்சக்கணக்கில் ஏறி முட்டையிடுகிறது. உலகப் பாதுகாப்புப் பட்டியலில் ஆமை 'பாதிப்புக்குள்ளாகக்கூடியது' என்ற படியில் இருக்கிறது. சுறா, இயற்கையில் அற்றுப்போவதற்கு முந்தைய 'மிக அருகிவிட்டது' என்னும் படியில் நிற்கிறது. ஆனால் இந்த விடையை விட, ஏன் ஒன்றை எல்லோரும் அறிந்திருக்கிறோம், மற்றதை ஏன் யாருமே அறியவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியில் உள்ள முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சுறாவை அறிமுகப்படுத்துகிறேன். அறிவியல் பெயர் கார்க்காரைனஸ் ஹெமியோடான். யோஹானஸ் முல்லர், யாக்கோப் ஹென்லே என்ற இரு ஜெர்மானிய உடற்கூற்றியலாளர்கள் 1839-ஆம் ஆண்டில் இதை விவரித்தார்கள். புதுச்சேரியிலிருந்து சென்ற மாதிரியை வைத்து விவரிக்கப்பட்டதால்தான் ஊரின் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரைக் கொண்டிருந்தாலும் இது நம் கடலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியக் கரைகளிலிருந்து தென்கிழக்காசியா வரை சிதறிய பல இடங்களில் இதன் மாதிரிகள் கிடைத்துள்ளன. கரையோரக் கடலில் வாழ்வது. ஒரு மீட்டர் அளவுக்கு மட்டுமே வளரும் சிறிய சுறா. நீண்டு கூரிய மூக்கு, சாம்பல் நிற முதுகு, வெளிறிய வயிறு. மார்புத் துடுப்பு, இரண்டாவது முதுகுத் துடுப்பு, வால் ஆகியவற்றின் நுனிகளில் கறுப்பு. 'ஹெமியோடான்' என்பதற்கு அரைப் பல் என்று பொருள் சொல்லலாம். மேல்தாடைப் பற்களின் கூர்முனை வழுவழுப்பாகவும் அடிப்பகுதி மட்டும் முரட்டு இரம்பம் போலவும் இருக்கும்.

பங்குனி ஆமைக்கு அறிமுகம் தேவையில்லை. லெபிடோகெலிஸ் ஒலிவேசியா என்பது அறிவியல் பெயர். ஓட்டின் நீளம் 60 முதல் 70 சென்டிமீட்டர், எடை பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ. முட்டையிட வரும் மாதத்தையே பெயராகக் கொடுத்து நம் கரையோர மக்கள் அழைக்கும் இந்த ஆமை, நண்டு, இறால், சொறி மீன், நத்தை போன்ற பலவற்றையும் தின்னும். பல் கிடையாது, கிளியின் அலகைப் போன்ற கடினமான வாய்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சுறாவின் முன்னோர்கள் 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகக் கடலிலேயே இருந்தவர்கள், ஒருபோதும் கரையேறியதில்லை. ஆமை, நிலத்தில் வாழ்ந்த ஊர்வனவற்றின் வழியில் வந்து மீண்டும் கடலுக்குள் இறங்கிய விலங்கு. கடலாமையின் மிகப் பழைய புதைபடிவங்களுக்கு 12 கோடி ஆண்டு அளவில் வயது கணிக்கப்பட்டுள்ளது. கடலுக்குத் திரும்பியபோது ஆமை தன் கால்களைத் துடுப்புகளாக மாற்றிக்கொண்டதே தவிர, நுரையீரலையும், காற்றில்லாமல் பொரியாத முட்டையையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் மூச்சுக்காக நீர்ப்பரப்புக்கும், முட்டைக்காக மணலுக்கும் அது வந்தே தீர வேண்டும். சுறாவுக்கு இந்த இரண்டு கட்டாயங்களும் இல்லை.

உடலமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆமையின் ஓடு என்பது வெளியிலிருந்து போர்த்திக்கொண்ட பெட்டியன்று. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் தட்டையாகி ஒன்றோடொன்று இணைந்து உருவானது. சுறாவின் உடலில் எலும்பே இல்லை, முழுவதும் குருத்தெலும்பு. அதன் தோலைத் தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் வழுக்கும். எதிர்த்திசையில் தடவினால் உப்புத்தாளைப் போல அறுக்கும். அங்கே இருப்பவை சாதாரணச் செதில்கள் அல்ல, பல்லின் அமைப்பையே கொண்ட நுண்ணிய முட்கள்.

உப்பைச் சமாளிக்கும் முறையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் ஒரு பாதி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கடல் நீரில் வாழும் விலங்குக்கு உடலிலுள்ள நீரைக் கடலுக்கு இழந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஆமையின் உடல்நீரில் உள்ள உப்பு கடலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உணவோடும் நீரோடும் உள்ளே போகும் மிகை உப்பைக் கண்களுக்கு அருகிலுள்ள சுரப்பிகள் வழியே கெட்டியான நீராக வெளியேற்றுகிறது. முட்டையிடும்போது தாய் ஆமை பிள்ளைகளைப் பிரியும் துயரத்தில் அழுகிறது என்று கரையில் சொல்வார்கள். அது நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கும் உப்பு நீக்கம், கரைக்கு வரும்போது மட்டும் நம் கண்ணில் படுகிறது. சுறா வேறு வழியைப் பின்பற்றுகிறது. நாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவை அது இரத்தத்திலும் தசையிலும் தேக்கி வைத்து, உடல்நீரின் செறிவைக் கடலுக்கு நிகராகவோ சற்று மேலாகவோ வைத்துக்கொள்கிறது. மிகை உப்பைக் குடலின் கடைசியிலுள்ள ஒரு சுரப்பி வெளியேற்றுகிறது. சுறா இறந்ததும் நுண்ணுயிரிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. ஐஸ் சரியாக வைக்காத சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடி வருவதற்குக் காரணம் இதுதான். வாங்கி வந்தவுடன் மஞ்சள் சேர்த்து வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தோலை உரித்து உதிர்த்துப் புட்டு செய்யும் நம் வீட்டுப் பெண்களின் பக்குவம், இந்த வேதியியலை அறிந்தே அமைந்தது போல் இருக்கிறது.

அடுத்து மூச்சு. வலையில் சிக்கி இறக்கும்போது இரண்டும் மூச்சு முட்டித்தான் இறக்கின்றன. ஆனால் எதிரெதிரான காரணங்களால். விசைப்படகின் பை போன்ற வலையான இழுவை மடி சில மணி நேரம் நீருக்கடியில் இழுக்கப்படும்போது, உள்ளே அகப்பட்ட ஆமையால் மேலே வந்து மூச்சு விட முடிவதில்லை. ஓய்வில் இருக்கும் ஆமை நீண்ட நேரம் நீருக்கடியில் தாக்குப்பிடிக்கும். பதறிப் போராடும் ஆமையின் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, நீரில் மூழ்கி மூச்சடைத்ததற்கான அடையாளங்களே உடல்களில் காணப்பட்டன. சுறாவின் நிலை வேறு. புதுச்சேரிச் சுறாவின் குடும்பத்தைச் சேர்ந்த பெரும்பாலான இனங்கள் முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் வாய் வழியே புகும் நீர் செவுள்களைக் கடந்து செல்லும். செவுள் வலையில் தலை மாட்டி அசைய முடியாமல் போனதும், சுற்றிலும் நீர் இருக்கும்போதே அதற்கு மூச்சு நின்றுவிடுகிறது.

ஆமைக்கு இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடிக்க முடிந்தது. இழுவை மடியின் உட்புறம் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, இறால் உள்ளே செல்லவும் ஆமை சட்டத்தில் முட்டி மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியே வெளியேறவும் செய்யும் ஆமை விலக்கிக் கருவியை, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மீனவர்களுக்கு ஏற்றபடி வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. பிடிபட்டதில் ஒரு பகுதி திறப்பு வழியே போய்விடும் என்று விசைப்படகுக்காரர்கள் தயங்குவதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். டீசல் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்களின் அந்தத் தயக்கத்தைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு மீட்டருக்கும் குறைந்த, ஒல்லியான சுறாவைப் பிற மீன்களிலிருந்து பிரித்து வெளியே அனுப்ப அந்தக் கம்பிச் சட்டத்தால் முடியாது. அளவே அதற்குப் பகையாகிவிடுகிறது.

இனி இனப்பெருக்கம். இரண்டின் தலைவிதியையும் எழுதுவது இதுதான் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

தாய் ஆமை இரவில் கரையேறி, அடும்புக் கொடி படர்ந்த மணல்மேட்டுக்கு அருகில், பின்துடுப்புகளால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற ஒரு குழியைத் தோண்டி, நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இடுகிறது. மணலால் மூடி, உடலை இப்புறமும் அப்புறமும் ஆட்டி அடித்து இறுக்கிவிட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்த முட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடும்பங்கொடியை விலக்கி ஆமை முட்டையைப் புதைக்கும் காட்சியைச் சங்கப் புலவர்கள் வியக்கத்தக்க நுட்பத்தோடு பாடியிருக்கிறார்கள். முட்டைகளை ஆண் ஆமை காவல் காப்பதாகச் சொல்லும் இடம் மட்டும் கவிதைக்குரியது. பொரிந்து கடலுக்குள் இறங்கிய ஆண் ஆமை, அதன் பிறகு முட்டையிடும் கரைக்கு ஏறுவதே இல்லை. 45 முதல் 60 நாட்கள் வரை மணலின் வெப்பமே முட்டைகளை அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து பிறக்கும்; அதற்கு மேல் போகப் போகப் பெண்கள் மிகும். பொரிப்பகங்களில் கூரை அமைத்து நிழல் தருவதற்கு இது ஒரு காரணம். நாய், நரி, நண்டு, காகம், பிறகு கடலில் மீன்கள் என்று எல்லாவற்றுக்கும் இரையானது போக, ஆயிரத்தில் ஒன்று முழு வளர்ச்சி அடையலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படி வளர்வதற்கும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

சுறாவுக்கு வருவோம். புதுச்சேரிச் சுறாவின் குடும்பத்தில், முன்பு அதனோடு சேர்த்து எண்ணப்பட்ட புலிச்சுறாவைத் தவிர்த்தால், தாயின் கருப்பைக்குள் குட்டியின் மஞ்சட்கருப் பை தீர்ந்ததும் அந்தப் பையே தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடி போலாகிறது. பாலூட்டிகளின் நஞ்சுக்கொடியும் இதுவும் தனித்தனியே தோன்றியவை. ஆனால் செய்யும் வேலை ஒன்றே. நம் துறைமுகங்களில் இன்றும் வரும் அதே குடும்பத்துப் பால் சுறாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டும் என்று சமைத்துக் கொடுக்கிறோமே, அதே சுறாதான். அது ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகள் வரைதான் ஈனுகிறது. வழக்கமாக ஐந்துக்குள் நின்றுவிடும். பிறந்த குட்டி தாயின் சிற்றுருவமாகவே இருக்கும், பற்களோடு பிறக்கும், பிறந்த கணமே தன் இரையைத் தானே தேடும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ சிறிய சுறாக் குட்டிகளைக் கூடையில் பார்த்தால், ஒன்றைப் புரட்டி இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே பாருங்கள். ஒரு சிறு கீறல் தெரியும். அது தொப்புள். அது இன்னும் முழுமையாக மூடாமல் இருந்தால், அந்தக் குட்டி பிறந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை என்று பொருள். என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று முதல்முறை அந்தத் தொப்புளைக் காட்டிய ஒவ்வோர் ஆண்டும், கூட்டத்தில் ஒருவராவது கூடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் நூறு முட்டை இடும் விலங்கு, முட்டையின் பெரும்பகுதி அழிந்தாலும் தாங்கும்படி அமைந்தது. அதன் முட்டையை மனிதன் சேகரித்துப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கவும் முடியும். ஆண்டுக்கு நான்கைந்து குட்டி ஈனும் விலங்கின் வாழ்க்கையில் அழிவுக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கே கிடையாது. ஒவ்வொரு குட்டியும் பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் அது ஓராண்டு சுமக்கிறது. குட்டிகள் வளரும் இடமோ, வலைகள் நெருக்கமாக விழும் கரையோரக் கடல். 1979-க்குப் பிறகு புதுச்சேரிச் சுறா காணாமல் போனதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆமையின் கணக்கிலும் நாம் அடிக்கடி மறக்கும் ஒன்று உண்டு. குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் பள்ளிப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்பதும், படங்கள் வெளிவருவதும் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஆயிரம் குஞ்சுகளுக்கு ஒன்று என்ற கணக்கின்படி, வலையில் இறக்கும் ஒரு வளர்ந்த பெண் ஆமையை ஈடுகட்டக் குறைந்தது பத்துக் கூடுகளின் குஞ்சுகள் வேண்டும். அவை வளர மேலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் கரைக்கு ஆமைகள் திரளும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஆகவே, கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுக்கக் கூடாது என்ற தமிழ்நாட்டு விதிதான் அந்த மாதங்களில் ஆமைக்கு உண்மையான காப்பு. அது மீறப்படும் ஆண்டுகளில் விடியற்காலை நடைகளில் நாங்கள் காண்பவை பெரும்பாலும் கூடுகள் அல்ல, உடல்கள்.

சட்டத்தின் பார்வையில் இரண்டும் சமம் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய இடத்தில், பங்குனி ஆமை இருக்கிறது. புதுச்சேரிச் சுறாவும் 2001 முதல் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் காப்பதற்கு முன் கண் அடையாளம் காண வேண்டும். ஆமையைச் சிறு குழந்தையும் அடையாளம் காணும். அது உயிரோடு சிக்கி வந்தால் வலையை அறுத்துக் கடலில் விடுகிற மீனவர்கள் நம் கரையில் ஏராளம். துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்களோ இந்தக் கடலில் பல இனங்கள். குட்டிப் பருவத்தில் அவை அனைத்தும் ஒன்று போலவே தோன்றும். ஏலக் கூடத்தில் 'சுறா' என்ற ஒரே சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கிவிடுகின்றன. வெட்டித் துண்டு போட்ட பிறகு எந்த நிபுணராலும் பார்வையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. உங்கள் கரையில் யாருக்கும் தெரியவில்லை என்றீர்களே, அது அவர்களுடைய குறையன்று. இருபது மாதிரிகளை மட்டும் விட்டுச் சென்ற ஒரு விலங்குக்கு ஊருக்குள் பெயர் நிலைப்பது கடினம்.

ஆமை கரையேறுவது அதன் பலவீனமும்கூட. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் வடக்கே வெகுதூரம் நீண்டுவிட்டன. கற்குவியல் இருக்கும் இடத்தில் ஆமையால் ஏறவும் முடியாது, தோண்டவும் முடியாது. 2018-இல் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. சுறாவுக்கு மணற்கரை வேண்டியதில்லை. ஆனால் குட்டிகள் இரை தேடும் கலங்கலான கழிமுகப் பகுதிகளுக்கு நாம் எதை அனுப்புகிறோம் என்பதை உப்பனாற்றின் ஓரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வைத்திக்குப்பத்தில் வாழும் நீங்கள் அதைச் செய்ய முடியும். அதிகாலையில் படகு வந்து சேரும் நேரத்தில் சென்று, ஒரு மீட்டருக்கு உட்பட்ட, நுனி கறுத்த சுறாக்களைப் பாருங்கள். படம் எடுக்கும் முன் படகுக்காரரிடம் எதற்காக என்று சொல்லி அனுமதி கேளுங்கள். வழக்குப் போட வந்தவர் என்ற எண்ணம் வந்தால் மறுமுறை கூடையை மூடிவிடுவார்கள். முழு உடலையும் பக்கவாட்டில் ஒரு படம், அருகில் அளவுகோல்; இரண்டு முதுகுத் துடுப்புகளும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், இரண்டாவதன் நுனி கறுப்பா என்பது முக்கியம். பிறகு மார்புத் துடுப்பின் அடிப்புறம். கடைசியாக, ஒரு குச்சியால் வாயைத் திறந்து மேல்தாடைப் பற்களை மிக நெருக்கத்தில் எடுங்கள். கூர்முனை வழுவழுப்பாகவும் அடி மட்டும் இரம்பமாகவும் இருந்தால், அன்றே அந்தப் படங்களைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கு அனுப்பிவிட்டு, உடலை ஐஸில் வைக்கச் சொல்லிப் படகுக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.